மூன்றாம் எண் கோப்பை

நாலு கோப்பை. அடியில் ஒட்டிய பிளாஸ்திரியில்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
எதில் எது என்று அருமைநாதனுக்கு மட்டும் தெரியும்.
முகத்தைப் பார்த்தே விடை கண்டுபிடித்துவிடுவோம் என்று
அவனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டோம்.

சத்துவாச்சாரி, மூன்றாவது மாடி,
கத்திரி தொடங்கிப் பத்தாம் நாள்.
ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது,
வெயிலுக்காக என்று சொல்லிக்கொள்கிறோம்.
மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னாள் யுவராணி,
வாசனை கலைந்துவிடுமாம்.
மதிப்பெண் தாள், பென்சில், உப்பில்லாத பொரி,
துப்புவதற்கு ஓர் எவர்சில்வர் சொம்பு.
சொம்பைத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தான் தனகோட்டி.

ஒன்று.
தங்கம் போல என்று எழுதப் போய் அடித்தேன்.
வைக்கோல் நிறம், அவ்வளவுதான்.
காட்பாடியில் எக்ஸ்பிரஸ் நிற்கும் நேரம்தான்
நின்றது நுரை.
கசக்கப் பயந்த பீர். கடையில் வாங்கியதாக இருக்கும்.

இரண்டு.
மூக்கருகே வந்ததுமே வெண்ணெய்.
சோற்றில் விழுந்தால் வேண்டாம் என்பேனா?
இங்கே அது குற்றம், அவசரத்தின் வாசனை.
ஈஸ்ட் தான் போட்ட குப்பையைத்
தானே பொறுக்கித் தின்னுமுன்
குளிரில் தள்ளிவிட்டார்கள்.
பத்தொன்பது.

நான்கை முதலில் முடித்துவிடுகிறேன்.
கப்பலில் வெந்து, கிடங்கில் வெந்து,
நனைந்த அட்டைப்பெட்டியாக வந்து சேர்ந்திருந்தது
அசல் ஜெர்மனி.

மூன்று.
கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தேன்.
வரி விளம்பரம் படிக்க முடிந்தது:
காந்தி நகரில் வீடு, போர்வெல் உண்டு,
சிறு குடும்பம் மட்டும்.
இறுகிய வெள்ளை நுரை
கண்ணாடியில் வளையம் வளையமாக விட்டு இறங்கியது,
வற்றுகிற ஏரி கரையில் கோடு போடுமே, அப்படி.
அறுத்து ஒரு மணி நேரமான புல்லின் மணம்.
கொஞ்சம் பூ. எந்தப் பூ?
தெரியவில்லை என்று எழுதத் தாளில் கட்டமில்லை.
தீக்குச்சி அணைந்த நொடி போல லேசாகக் கந்தகம்.
இந்த வகைக்கு அது மன்னிப்புள்ள தவறு.

வாயில் முதலில் பன்னின் வெந்த ஓரம்.
பிறகு கசப்பு.
பாகற்காய் வாசலிலேயே சண்டைக்கு நிற்கும்.
வேப்பம்பூ ரசம் புளியைத் துணைக்குக் கூட்டிவரும்.
இது தனியாக வந்தது, நேராக நடந்தது,
நாக்கின் கோடியில் திரும்பிப் பார்க்காமல் போனது.
போன தடம் உலர்ந்திருந்தது.
உலர்ந்த தடம் இன்னொரு மிடறு கேட்டது.

அங்கேதான் நின்றேன்.
அந்த வறண்ட விளிம்பு எனக்குத் தெரிந்த ஆள்.

ராணிப்பேட்டை ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக
கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம்
என் மேஜைக்குத்தான் வரும்.
கடினத்தன்மை, சல்பேட், கரைந்த உப்பு,
கடைசியில் வட்டமாக ஊதா முத்திரை:
குடிக்க உகந்ததல்ல.
ருசி பார்ப்பது என் வேலையில் சேராது.
ஆனால் தினமும் காலையில்
வீட்டுக் குழாயடியில் வாய் கொப்பளிக்கிறவள் நான்.

"அருமை, தண்ணி எது?"
கேட்கக் கூடாது. விதி. கேட்டுவிட்டேன்.
ஃபிரிட்ஜ் உறுமியது. அப்புறம்தான் அவன் குரல்:
"முக்கால் பங்கு கேன் தண்ணி."
"மிச்சம்?"
"நம்ம போர்தான். போன தடவ முழுக்க கேன்ல போட்டேன்,
சப்புனு ஆயிடுச்சு, அதான் அந்த ரெண்டாம் நம்பர்..."
என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தனகோட்டிக்குச் சிரிப்பில் புரை ஏறியது.
யுவராணி பென்சிலை வைத்துவிட்டாள்:
"இனிமே யார் போட்ட மார்க்கும் செல்லாது."

சரி, செல்ல வேண்டாம்.
ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. நான் அழிக்கவில்லை.
நாலு முறை கரன்ட் போன மாசத்தில்
ஆறு வாரம் இதைக் குளிரில் வைத்துக் காத்தவன்
கதவோரம் வந்து நிற்கிறான்,
கையில் கரித்துணி.

குறிப்பு என்ற கட்டம் பாக்கி.
பழக்கத்தில் கை தொடங்கிவிட்டது:
குடிக்க உகந்த
வரை வந்து பென்சில் நிற்கிறது.
மூன்றாம் கோப்பையை எடுத்தேன்.
வேர்த்திருந்தது.
தாளில், கையெழுத்துப் போடும் இடத்தில்,
ஈரமாய் ஒரு வட்டம்.